காப்பகமா, கூடவே போகும் ஆளா? குடும்ப வன்முறைக்கு எதிரான திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் சின்ன அறக்கட்டளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் வரும், 3 ஆண்டுகளுக்கு உறுதி. கணவரிடமும் புகுந்த வீட்டிலும் அடிபடும் பெண்களுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்துவிட்டது. முதல் கூட்டத்தில் ஒருவர் காப்பகம் என்பார், இன்னொருவர் ஹெல்ப்லைன் என்பார், மூன்றாமவர் கிராமந்தோறும் மகளிர் குழுக்களைத் தயார்படுத்தலாம் என்பார். இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோருமே நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் எந்தப் பெண்ணுக்கு, எந்த நேரத்தில், எது இல்லாமல் போகிறது என்ற கேள்வியைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு கட்டடத்தில் தொடங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் காலூன்றி, பெண்ணோடு கூடவே போய்வரும் ஒரு சிறு குழுவில் தொடங்குங்கள். கையில் அவசர நிதி ஒன்றும் இருக்கட்டும். ஏன் என்பதை ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்ப்போம்.

ஏற்கெனவே என்ன இருக்கிறது

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29 சதவீதம். அதே கணக்கெடுப்பில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு எண். நாடு முழுவதும், உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி தேடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். ஆக, நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வரப்போகிறவர்கள் அந்த 14 பேரில் சிலர் மட்டுமே. மீதிப் பேர் இருக்கும் இடத்துக்கு நாம் போக முடியுமா என்பதுதான் ஒவ்வொரு வழிக்கும் முதல் சோதனை.

இரண்டாவது சோதனை, அரசு ஏற்கெனவே செய்வதையே நாமும் செய்கிறோமா என்பது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூக நலத் துறையின் கீழ் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. 181 என்ற உதவி எண் உண்டு. மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஐந்தையும் ஓரிடத்தில் தருவதற்கென்று 2015 முதல் வந்த ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். 1987 சட்டத்தின் 12-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

தாளில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு பெண் இதையெல்லாம் கடந்து போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் காயத்தைக் காட்டி ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட வேண்டும். மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, நடந்த வன்முறையைப் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுத வேண்டும். அப்புறம் கோர்ட். ஒவ்வொரு இடமும் ஊரின் ஒவ்வொரு மூலை. ஒவ்வொரு இடத்திலும் புதிய ஆள், அதே கேள்வி: "என்னம்மா நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு." நாலு நாள் கூலி போகும். இடுப்பில் ஒரு குழந்தை. மூன்றாவது இடத்தில் யாராவது "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொன்னால் அதோடு முடிந்தது. சேவைகளுக்கு நடுவே இருக்கும் இந்தத் தூரத்தில்தான் பெண்கள் தொலைந்துபோகிறார்கள்.

காப்பகம்

காப்பகம் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் உயிரே போகும் என்ற நிலையில் வரும் பெண்கள் இருக்கிறார்கள். சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. என்ற தொண்டு அமைப்பு காப்பகமும் நடத்துகிறது, தீக்காயம்பட்ட பெண்களோடு கீழ்ப்பாக்கம் மருத்துவமனையிலும் வேலை செய்கிறது. அந்தத் திறமை பல ஆண்டுகளில் சேர்ந்தது. புதிய அமைப்பு முதல் ஆண்டிலேயே அதைச் செய்யப் போவது வேறு விஷயம்.

முதலில் கணக்கு. 24 மணி நேரமும் ஒரு காப்பாளர் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 21. ஒருவர் 6 ஷிப்ட் பார்த்தால் 4 பேர் வேண்டும். தலைக்கு 15,000 ரூபாய் என்றால் 60,000. மேலாளர் 30,000, ஆலோசகர் 25,000, சமையலுக்கு 2 பேர் 24,000, இரவுக் காவல் 12,000, வீட்டு வாடகை 35,000. குழந்தைகளையும் சேர்த்து 20 பேருக்கு நாளொன்றுக்கு 120 ரூபாய் சாப்பாட்டுச் செலவு என்றால் 72,000. மருந்து, பள்ளி, பயணம், மின்சாரம் 30,000. கூட்டினால் மாதம் 2,88,000. ஆண்டுக்கு 34 லட்சத்துக்கு மேல். இவை நான் வைத்துக்கொண்ட தொகைகள், உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் 25 லட்சத்துக்குள் அடக்க வேண்டுமானால் எங்கே கை வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆலோசகரை நிறுத்துவார்கள், காப்பாளரை இருவராக்குவார்கள். மிஞ்சுவது பூட்டிய கதவும் சாப்பாடும்தான்.

அடுத்தது உரிமம். தமிழ்நாட்டில் 2014-இல் வந்த பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் பெண்கள் தங்கும் இல்லத்தை நடத்த முடியாது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலைந்து முடிப்பதற்குள் முதல் ஆண்டின் பெரும்பகுதி போய்விடும். வாடகை மட்டும் முதல் மாதத்திலிருந்தே ஓடும்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. காப்பகம் என்றால் வீட்டை விட்டு வெளியேறுவது அவள். வேலை போகும், பிள்ளையின் பள்ளி மாறும், அக்கம்பக்கத் துணை அறுந்துபோகும். அடித்தவன் அதே வீட்டில் அதே கட்டிலில் படுத்திருப்பான். குடும்ப வன்முறைச் சட்டமோ இதற்கு நேர்மாறாக நினைக்கிறது. 17-வது பிரிவு அவளுக்கு அந்த வீட்டில் வாழும் உரிமையைத் தருகிறது. 19-வது பிரிவின்படி அவனை வெளியேறச் சொல்லி நீதிபதி உத்தரவிட முடியும். மாமனார் பெயரில் வீடு இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றிவிட்டது: கணவரின் உறவினர் பெயரில் இருக்கும் வீடும் அவள் வாழ்ந்த குடும்ப வீடாகலாம். ஆகவே "எங்கே தங்க வைப்பது" என்று கேட்பதற்கு முன்னால் "வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்க வைக்க முடியுமா" என்று ஒரு தடவை கேட்டே ஆக வேண்டும். காப்பகம் வைத்திருக்கும் அமைப்புகளில் இந்தக் கேள்வி மெல்ல மறைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். கட்டில் காலியாக இருந்தால் நிரப்பத் தோன்றுகிறது.

நடுவில் ஓர் உண்மையான ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக 5 நாள்தான் தங்கலாம். நீண்ட நாள் தங்கும் அரசு உதவி இல்லங்கள் எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் வளர்ந்த ஆண் பிள்ளையைக் கூட்டிவந்தால் சேர்ப்பது கஷ்டம். ஆறாவது நாள் அவள் எங்கே போவாள்? இந்த ஓட்டையை அடைக்க 20 பேர் தங்கும் கட்டடம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு சின்ன வீட்டுக்கான அட்வான்ஸும் மூன்று மாத வாடகையும் பல பெண்களுக்குப் போதும். சிக்கல் பணத்தில் மட்டும் இல்லை. "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்கும் வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு அமைப்பின் பெயரில் யாராவது போய்ப் பேச வேண்டும். வேலைக்குப் போகும் தனி ஆள் என்றால் பல நகரங்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. அங்கே சேர்க்கும் விதிகளை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஹெல்ப்லைன்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 181 இருக்கிறது. இன்னொரு எண்ணை விளம்பரப்படுத்தி, இரவு பகலாக ஆள் போட்டு நடத்த 25 லட்சம் காணாது. பகலில் மட்டும் எடுக்கும் ஹெல்ப்லைன் ஆபத்தானது. இரவு 11 மணிக்கு அடித்துப் பார்த்து யாரும் எடுக்காத பெண் மறுபடி அடிக்க மாட்டாள். குழுவுக்கு ஒரு கைபேசி எண் கட்டாயம் வேண்டும், அது வேறு. அந்த எண்ணை அவள் போனில் எந்தப் பெயரில் சேமிப்பது, நாம் எந்த நேரத்தில் கூப்பிடலாம், கணவர் எடுத்தால் என்ன சொல்வது என்பதை முதல் சந்திப்பிலேயே அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டெய்லர் கடை என்று சேமித்துக்கொண்டால் ஜாக்கெட் தைத்தாகிவிட்டது என்று பேச்சைத் தொடங்கலாம். வாட்ஸ்அப்பில் நாமாக எதையும் அனுப்பக் கூடாது.

கிராமத்துப் பெண்கள் குழு

77 சதவீதம் பேர் யாரிடமும் சொல்வதில்லை என்றால், பக்கத்து வீட்டில் இருப்பவரைத் தயார்படுத்துவதுதானே சரி? இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊராட்சி இல்லை. நடுராத்திரியில் சத்தம் கேட்டால் ஓடிவரக்கூடியவர் அந்தக் குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்தான். குஜராத்தின் வதோதராவில் 1990-களின் நடுவில், மகிளா சமக்யா என்ற அரசின் பெண்கள் கல்வித் திட்டத்தில் இருந்த கிராமத்துப் பெண்கள் நாரி அதாலத் என்று தாங்களே கூடி வழக்குகளை விசாரித்தார்கள். நம் புதுக்கோட்டையில் ஸ்டெப்ஸ் என்ற பெண்கள் அமைப்பின் வழியே முஸ்லிம் பெண்கள் தங்களுக்கென்று ஜமாஅத் கூட்டினார்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன இடத்தில் பெண்கள் உட்கார்ந்தது சாதாரண விஷயம் அல்ல. அதை மதிக்கிறேன்.

ஆனாலும் புதிய திட்டத்தின் முதல் படியாக இதை வைக்கத் தயங்குகிறேன். ஊரில் ரகசியம் நிற்காது. குழுத் தலைவி அடித்தவனுக்கு அத்தை முறையாக இருப்பார், அல்லது அவனுடைய மனைவி கட்ட வேண்டிய லோன் தவணைக்காகக் காலையில்தான் சண்டை போட்டிருப்பார். சாதி மாறித் திருமணம் செய்த பெண்ணுக்கு ஊருக்குள் இருக்கும் எந்தக் குழுவும் பாதுகாப்பு இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்ற தகவலே அவள் உயிருக்கு ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்க் கூட்டத்தின் இயல்பு சேர்த்து வைப்பது. பயிற்சி கொடுத்துவிட்டு நாம் திரும்பிவிட்டால் ஆறே மாதத்தில் அது பெண்கள் நடத்தும் கட்டப் பஞ்சாயத்து ஆகிவிடக் கூடும். அதுபோக, தலையிட்ட பெண்ணின் வீட்டுக்கு அவன் அரிவாளோடு போய் நின்றால் அவருக்கு யார் துணை? மாதம் ஒரு கூட்டமும் ஒரு டீயும் மட்டும் கொடுத்து ஒருவரிடம் இவ்வளவு ஆபத்தைச் சுமத்துவது தவறு.

ஊர்ப் பெண்களை இரண்டாம் ஆண்டில் சேருங்கள், சின்ன வேலையோடு: அடையாளம் காண்பது, எண்ணைக் கொடுப்பது, அவசரத்தில் 112 என்ற அவசர எண்ணுக்கோ 181-க்கோ அழைப்பது. தீர்ப்புச் சொல்லும் வேலை அவர்களுக்கு வேண்டாம்.

மருத்துவமனை மேசை

யாரிடமும் சொல்லாத பெண்ணும் ஒரு நாள் அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். கர்ப்பப் பரிசோதனைக்கு, குழந்தைக்குத் தடுப்பூசிக்கு, உடைந்த கைக்குக் கட்டுப்போட. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். கூட நிற்கும் மாமியார் அவளுக்கு முன்னால் பதில் சொல்வார். வழுக்கி விழுந்தவளுக்கு முதுகிலும் மேல்கையின் உள்பக்கத்திலும் எப்படிக் கன்றியது என்று ஒரு நர்ஸ் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்பதில்லை, கேட்டால் அதற்கு மேல் எங்கே அனுப்புவது என்று தெரியாததால்.

மும்பையில் பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில், சேஹத் என்ற சுகாதார ஆய்வு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் திலாசா என்ற மையத்தை இதற்காகவே தொடங்கின. இந்தியாவில் பொது மருத்துவமனைக்குள் அப்படி ஒன்று அமைந்தது அதுதான் முதல் முறை. மருத்துவமனை ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, இதை மருத்துவமனையின் சொந்த வேலையாக மாற்றினார்கள். பிறகு மாநகராட்சியின் மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது. கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் இதே வேலைக்காகப் பூமிகா மையங்கள் இருக்கின்றன.

மருத்துவமனைக்கு வருவதற்கு அவள் வீட்டில் பொய்க் காரணம் தேட வேண்டியதில்லை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ் காசுக்குக் கையேந்தவும் வேண்டாம். எடை பார்க்க, சிறுநீர் எடுக்க என்று சொல்லி நர்ஸ் அவளை இரண்டு நிமிடம் தனியே கூட்டிப் போக முடியும். அந்த இரண்டு நிமிடம் வேறு எந்த வழியிலும் கிடைப்பதில்லை. ஏ.ஆர். பதிவில் "தவறி விழுந்ததாக" என்று எழுதப்படுவதற்கும் "தெரிந்த நபர் தாக்கியதாக" என்று எழுதப்படுவதற்கும் ஒரு வருடம் கழித்துக் கோர்ட்டில் எவ்வளவு வித்தியாசம் என்பதை வழக்கு நடத்தியவர்கள் அறிவார்கள். விஷம் குடித்துச் சேர்க்கப்படும் பெண்களின் படுக்கையருகே யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். தன் மேல் கேஸ் போடுவார்களோ என்று பயந்து பலர் உண்மையைச் சொல்வதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு அப்படித் தண்டிப்பதைத் தடுக்கிறது என்று முதலில் சொன்னால் பேச்சு வரும்.

இதிலும் சிக்கல் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் நலப் பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவக் கல்லூரி என்றால் டீனிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். அவர் மாறினால் புதியவரிடம் மறுபடி தொடக்கத்திலிருந்து பேச வேண்டும். பல மாவட்டங்களில் ஒருங்கிணைந்த சேவை மையமே மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். அங்கே போட்டிக் கடை போடாமல், வார்டிலிருந்து அவர்களிடம் அழைத்துப் போகும் ஆளாக நாம் இருந்தால் போதும். இன்னொன்று: 18 வயது நிறையாத கர்ப்பிணிகளைக் கட்டாயம் பார்ப்பீர்கள். போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்ததும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "நீ சொல்வது என்னோடு இருக்கும்" என்று பொத்தாம்பொதுவாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். எதை மறைக்க முடியாது என்பதை அவள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கூடவே போவது

மருத்துவமனையில் உதவி மேசை மட்டும் போட்டால் அது இன்னொரு "முதல்ல இருந்து சொல்லும்மா" இடமாகிவிடும். அதனால்தான் இதையும் கூடவே போகும் குழுவையும் பிரிக்கக் கூடாது என்கிறேன். வார்டில் பேசிய அதே ஆள் மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு அடுத்த வாரம் கோர்ட் வராந்தாவில்.

கூட ஒருவர் இருந்தால் என்ன மாறுகிறது? சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திருப்பி அனுப்புவது குறைகிறது. "எழுதிக் கொடுத்துட்டுச் சேர்ந்து போங்க" என்று சொன்னால், "அவங்க முடிவு சொல்ல ரெண்டு நாள் டைம் கொடுங்க சார்" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவில் நிவாரணம் கேட்டுப் போடும் மனுவின் முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள் வர வேண்டும், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கிறது. ஆனால் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம் என்பதை மனு எழுதும்போதே நினைவூட்டினால் பாதிப் போர் ஜெயித்த மாதிரி. குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லாததால் மனுவை எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால், 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது கட்டாயம் இல்லை என்று சொன்னதை வழக்கறிஞர் எடுத்துக் காட்டலாம். உத்தரவை மீறினால் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவனுக்கும்.

முதல் நாள் பேச்சில் சில கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும். கழுத்தை நெரித்திருக்கிறானா? கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறானா? அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தானா? விட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாளா? கழுத்தை நெரிப்பது, வெளிக்காயம் தெரியாவிட்டாலும், பின்னால் கொலையில் முடியக்கூடிய பெரிய எச்சரிக்கை. அதேபோல விட்டுப் பிரியும் நேரமும் பிரிந்த சில மாதங்களும்தான் ஆபத்து அதிகமான காலம். எனவே "வெளியே வந்துடும்மா" என்று அவசரப்படுத்துவதும் "பொறுத்துக்கோ" என்று சொல்வதைப் போலவே கொல்லக் கூடும். "நாங்க போலீஸ் இல்லம்மா, என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும். எது சொன்னாலும் கூட நிக்கிறோம்." இதைச் சொல்லப் பழகிய ஊழியர்தான் இந்த வேலைக்கு வேண்டும். பட்டம் இரண்டாம் பட்சம்.

கணக்கு: களப் பணியாளர் 3 பேர், தலைக்கு 22,000 என்றால் 66,000. ஒருங்கிணைப்பாளர் 32,000. பகுதி நேர வழக்கறிஞர் 20,000. பயணம் 20,000. சின்ன அலுவலகம், போன் 15,000. அவசர நிதி 40,000. மாதம் 1,93,000, ஆண்டுக்கு 23 லட்சத்துக்குச் சற்று மேல். மிச்சத்தில் பயிற்சி, தணிக்கை, ஊழியர்களுக்கு வெளியிலிருந்து ஓர் ஆலோசகர்.

அந்த அவசர நிதியைப் பற்றி நிர்வாகக் குழுவில் சண்டை வரும். கையில் காசு கொடுத்தால் கணக்கு எப்படி என்பார்கள். அதற்குப் பதிலாக ஆறு மாதத் தையல் பயிற்சியை முன்வைப்பார்கள். நேற்று ராத்திரி நைட்டியோடு ஓடிவந்தவளுக்கு இன்று வேண்டியது ஒரு சேலை, பிள்ளைக்குப் பால், ஊருக்குப் போக பஸ் காசு, கோர்ட்டில் நகல் எடுக்க 200 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை அவள் கணக்கில் விழுந்தாலும் ஏ.டி.எம். கார்டு அவனிடம் இருக்கும். ஒரு வவுச்சரும் ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தும் போதும் என்று ஒரு வரம்பு வரை எழுதி வைத்துவிடுங்கள். தையல் பின்னால் வரட்டும், அவள் கேட்டால். பள்ளிக்கூடம் மாறும் பிள்ளைக்கு டி.சி. வரவில்லை என்று சேர்க்க மறுத்தால், எட்டாம் வகுப்பு முடியும்வரை அதற்காக மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதைத் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேச வேண்டியதும் இந்தக் குழுதான்.

கணவருக்குக் குடிமறப்பு சிகிச்சையே திட்டமாக இருக்கட்டும் என்பவர்களுக்கு ஒரு வரி: குடிக்காதவனும் அடிக்கிறான், குடித்தவனும் மேலாளரை அடிப்பதில்லை, மனைவியைத்தான் அடிக்கிறான். சிகிச்சை அவனுக்கு நல்லது. அவள் பாதுகாப்பை அதன் மேல் கட்ட முடியாது.

நடத்தும்போது

ஓர் ஊழியரிடம் ஒரே நேரத்தில் நடப்பில் உள்ள வழக்குகள் 25-ஐத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் போனால் தொடர்ந்து விசாரிப்பது நின்றுவிடும். வாரம் ஒரு நாள் அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வழக்கையும் பேச வேண்டும். இதில்தான் ஊழியர்கள் உடைந்துபோகாமல் நிற்கிறார்கள். கோப்பின் மேல் பெயர் வேண்டாம், எண் போதும். பெயரும் எண்ணும் சேர்ந்த ஏடு தனிப் பூட்டில். வீட்டுக்குப் போக வேண்டி வந்தால் தனியாக யாரும் போகக் கூடாது, ஊழியரின் வீட்டு முகவரி யாருக்கும் தெரியக் கூடாது. அறிக்கைக்காகப் பெண்களின் போட்டோ கேட்கும் நன்கொடையாளரிடம் முதல் சந்திப்பிலேயே முடியாது என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டுப் பணம் வருவதாக இருந்தால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தத் திட்டத்தில் செலவின் பெரும்பகுதி சம்பளம்தான். எந்தச் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் எழுதி வாங்குங்கள்.

எதை எண்ணுவது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். "120 குடும்பங்களைச் சேர்த்து வைத்தோம்" என்று அறிக்கை போடும் அமைப்பில், 121-வது பெண்ணையும் சேர்த்துத்தான் வைப்பார்கள். குடும்ப வன்முறை விதிகளே, ஆலோசனையின்போது அடித்ததற்கு நியாயம் பேச எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்கின்றன. நாம் அதைவிடக் கீழே இறங்கக் கூடாது. எண்ண வேண்டியவை வேறு: வார்டில் பேசியவர்களில் எத்தனை பேர் மறுபடி நம்மைத் தேடி வந்தார்கள், எத்தனை பேருக்கு இடைக்கால உத்தரவு எத்தனை நாளில் கிடைத்தது, உத்தரவு கிடைத்த பிறகு ஜீவனாம்சப் பணம் உண்மையில் கைக்கு வந்ததா, மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது அவள் பயம் குறைந்திருக்கிறதா. அவள் திரும்பிப் போனால் அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். திரும்பிப் போனவள் நம் எண்ணோடு போகிறாளா என்று எழுதுங்கள்.

காப்பகம் பற்றிய பேச்சை மூன்றாம் ஆண்டின் முடிவில் மறுபடி எடுக்கலாம். அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 10-வது பிரிவில் சேவை அளிப்பவராகப் பதிவு செய்துகொண்டால் குடும்ப நிகழ்வு அறிக்கையை நாமே எழுதலாம், நல்லெண்ணத்தோடு செய்த வேலைக்காக நம் மேல் வழக்குப் போடுவதிலிருந்து பாதுகாப்பும் உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் அமைப்பு குறைந்தது 3 ஆண்டுகள் இந்தச் சேவையைச் செய்திருக்க வேண்டும் என்று 2006 விதிகள் கேட்கின்றன. அதற்குள் உங்கள் கையில் ஓர் ஏடும் இருக்கும்: 5 நாள் முடிந்தும் போக இடமில்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் வாடகை வீடு சரிப்படாதவர்கள் யார், வளர்ந்த மகனோடு வந்தவர்கள் எத்தனை பேர், எந்தத் தாலுகாவிலிருந்து வந்தார்கள். அந்த ஏட்டில் ஐந்து பேர் இருந்தால் இரண்டு அறை வீடு போதும். ஐம்பது பேர் இருந்தால் அந்தப் பெண்களில் இரண்டு மூன்று பேரையும் நிர்வாகக் குழுவில் உட்கார வைத்து, எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அவர்களையே கேட்டுவிட்டு, உரிமத்துக்கு மனு எழுதத் தொடங்குங்கள்.